துயரத்தில் கிடைத்த உறவு



யூபிலி மலரில் கோயில் கட்டிய ஆண்டையும், மணி வந்த ஆண்டையும், பணியாற்றிய குருக்களின் பெயர்களையும் வரிசையாக எழுதுவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆயினும் மயிலை, சாந்தோம், அடையாறு வட்டாரத்தின் வரலாற்றில் கல்வெட்டில் ஏறாத டிசம்பர் மாதங்கள் இரண்டு உண்டு. முன்பின் அறியாதோர் ஒருவருக்கொருவர் ஆறுதலாக நின்ற அந்நாட்களை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. காலை 6.29 மணிக்குச் சுமத்ரா தீவருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் பேரலை சென்னைக் கரையை அடைந்தது. ‘சுனாமி’ என்னும் சொல்லையே நம்மில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். மெரினாவில் உலாவ வந்தோர், பந்தாடிய சிறுவர், சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம் குடும்பத்தார் என்று சென்னையில் மட்டும் மாண்டவர்கள் 200-க்கு மேல். தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் வேளாங்கண்ணிக்குச் சென்ற திருப்பயணிகளும் பலர்.

கடலை ஒட்டி நிற்கும் சாந்தோம் பேராலயத்தினுள் அலை புகவில்லை. புனித தோமையார் நாட்டிய மரத்தூணே காத்தது என்பது மக்களின் நம்பிக்கை. அதுபற்றி விவாதிப்போர் விவாதிக்கட்டும். விவாதத்துக்கு இடமில்லாத ஒன்றும் அன்று நடந்தது. குப்பங்களிலிருந்து ஓடிவந்த மக்கள் ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். எவரையும் எவரும் ‘நீ எந்தச் சமயம்?’ என்று கேட்கவில்லை. பள்ளிகளும் கல்யாண மண்டபங்களும் திறந்தன. சோறும் பாயும் துணியும் வந்தன. அரசு மருத்துவமனை வாசலில் தம்மவரைத் தேடி நின்றோர், பக்கத்தில் நின்று அழுதவரின் கையைப் பற்றிக்கொண்டார்கள். பெயர் பிறகுதான் தெரிந்தது. துயரம் முதலிலேயே தெரிந்திருந்தது.

பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. மின்சாரமில்லை, தொலைபேசியுமில்லை. அப்போது படகுகளோடு தெருக்களுக்குள் வந்தவர்கள் யார்? கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள்! 2004-இல் நகரத்தார் தந்த சோற்றை உண்டவர்கள், 2015-இல் நகரத்தாரை மாடிகளிலிருந்து இறக்கிக் காத்தார்கள். பள்ளிவாசல்கள் எல்லாருக்கும் கதவு திறந்தன. வெள்ளம் வடிந்தபின் இஸ்லாமிய இளைஞர்கள் இந்துக் கோயில்களையும் கழுவித் தந்தார்கள்.

இத்தோடு முடித்தால் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் வரலாறு முழுமை பெறாது. சுனாமிக்குப் பின் கரையோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கும், வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. பிழைப்பு இங்கே, குடியிருப்பு ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில். ஆபத்தான இடத்திலிருந்து மாற்றியது சரியே என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் அன்று கைப்பற்றி அழுத நாம், பிள்ளைகளின் பள்ளியும் பெற்றோரின் வேலையும் விட்டுப்போன அவர்களை எத்தனை முறை சென்று பார்த்தோம்? நீர் வடிந்ததும் நம் இரக்கமும் வடிந்துவிட்டதா?

நல்ல சமாரியர் காயம் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்தில் சேர்த்து, மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றார். ஆறுதல் என்பது ஒருநாள் காரியமன்று. பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டின் பொருளும் இதுவே: நிலம் இழந்தவன் தன் காணிக்குத் திரும்பும் ஆண்டு அது.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று மீனவ மக்கள் கடலில் பாலும் மலரும் சொரிந்து இறந்தோரை நினைக்கிறார்கள். இந்த யூபிலி ஆண்டில் நாமும் அவர்களருகில் போய் நிற்போம். பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் பேருந்து ஏறுவோம். பழைய அயலாரின் கதவைத் தட்டுவோம். நம் பங்கின் வரலாற்றில் அடுத்த பக்கம் அங்கேதான் எழுதப்பட வேண்டும்.