எண்ணெய் விலையும் விமானி வேலையும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி வைத்திருக்கும் ஒருவரிடம் போய், "டிரைவர் வேலை இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பேச்சைத் தொடங்குவது டீசல் விலையிலிருந்துதான். டீசல் ஏறி, வாடகை ஏறாவிட்டால் வண்டி ஷெட்டில் நிற்கும். வண்டி நின்றால் டிரைவருக்குப் படி ஏது? எங்கள் ஊர்ப் பக்கம் சிறுபிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. ஆகாயத்திலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. லேலண்டு ஓட்டியவர் மறுநாளே டாட்டா வண்டியில் ஏறி உட்காரலாம். விமானிக்கு அது முடியாது. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனியே பயிற்சி பெற்று, தனித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். "டைப் ரேட்டிங்" என்று அதைச் சொல்வார்கள். ஆகவே ஒரு நிறுவனம் எந்த விமானத்தை வாங்குகிறது என்பதோடு அதன் விமானிகளின் பிழைப்பும் கட்டுண்டு கிடக்கிறது.

விமானி உரிமத்துக்குப் பள்ளியில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இருந்து வந்தபடியால், ஆண்டுதோறும் இரண்டொரு மாணவர்களாவது என்னிடம் வந்து இத்தொழிலைப் பற்றி விசாரிப்பதுண்டு. காட்டை விற்றோ அடகு வைத்தோ பணம் கட்ட வீட்டார் ஆயத்தமாக இருப்பார்கள். 200 மணி நேரம் பறந்து உரிமம் பெறுவதைப் பற்றித்தான் அவர்கள் கேட்பார்கள். உரிமம் பெற்றபின் எந்த விமானத்தில் இடம் கிடைக்கும் என்று கேட்பவர் குறைவு. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் வரலாறும் தேவை.

விமானம் முன்னே செல்வது காற்றைப் பின்னே தள்ளுவதால். ஒரு நொடியில் 10 கிலோ காற்றை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும், 100 கிலோ காற்றை 10 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் கிடைக்கும் உந்தம் ஒன்றுதான். ஆனால் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதலாவதில் 50,000 ஜூல் செலவாகிறது. இரண்டாவதில் 5,000 ஜூல்தான். நிறைய காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். பெரிய விசிறி செய்வது இதைத்தான். ஜெட் விமானம் குறைந்த காற்றை விரைவாகத் தள்ளுகிறது. வேகமும் உயரமும் வேண்டும்போது அதற்கு நிகரில்லை. குறுந்தொலைவில் அந்த வேகம் வீண்.

சேலத்திலிருந்து சென்னை வான்வழியாக ஏறத்தாழ 265 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயர ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். 180 பேர் அமரும் ஏர்பஸ் ஏ-320 மணிக்குச் சுமார் 2,400 கிலோ எரிபொருள் குடிக்கும். 70 பேருக்கு மேல் அமரும் ஏ.டி.ஆர்-72 என்ற விசிறி விமானத்துக்கு 700 கிலோ அளவே போதும். இந்தத் தூரத்தில் இரண்டுக்கும் நேர வேறுபாடு சில நிமிடங்கள்தாம். மேலும் 180 இருக்கைகளையும் நாள்தோறும் நிரப்ப நம் ஊரில் ஆள் வேண்டுமே!

இந்த ஏ.டி.ஆர் விமானமே எண்ணெய் நெருக்கடியின் குழந்தை எனலாம். 1973 அக்டோபரில் தொடங்கிய நெருக்கடியில், பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த கல்லெண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 1979இல் மறுபடியும் விலை ஏறியது. அதுவரை, 'விசிறியின் காலம் முடிந்தது, இனி எல்லாம் ஜெட்' என்ற எண்ணம் பரவியிருந்தது. நம் நாட்டிலும் டக்கோட்டாவுக்குப் பின் வைக்கவுண்ட், ஃபோக்கர், கான்பூரில் கட்டிய ஆவ்ரோ என்று விசிறி விமானங்கள் வந்திருந்தாலும், இந்தியன் ஏர்லைன்ஸ் 1964இல் காரவெல், 1970-களின் தொடக்கத்தில் போயிங் 737 என்று ஜெட்டின் பக்கம் சாய்ந்தது. விலையேற்றம் உலகோரை மறுபடி கணக்குப் போட வைத்தது. 1981இல் பிரெஞ்சு, இத்தாலிய நிறுவனங்கள் சேர்ந்து ஏ.டி.ஆரை நிறுவின. அதன் 72 வகை 1988இல் முதன்முதலாகப் பறந்தது.

நம் காமலாபுரம் நிலையத்துக்கு 1990-களில் முதலில் வந்தது என்.ஈ.பி.சி. என்ற சென்னை நிறுவனம். காற்றாலை செய்து விற்றவர்கள் விசிறி விமானத்துக்கு வந்ததை நினைத்தால் புன்னகை வருகிறது. காற்றிலிருந்து ஆற்றல் எடுப்பதும் காற்றுக்கு ஆற்றல் கொடுப்பதும் ஒரே தகட்டின் இருமுகங்கள் அல்லவா? அவர்களுடைய ஃபோக்கர் விமானங்கள் நெடுநாள் ஓடவில்லை. 1997இல் நிறுவனமே பறப்பதை நிறுத்தியது.

பின்னர் நடந்ததில்தான் எரிபொருளின் கை நன்றாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு விற்பனை வரி 29 விழுக்காடாக இருந்தது. ஆனால் விசிறி விமானத்துக்கு விற்கும் எரிபொருளுக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் மாநிலங்கள் வரி போடக்கூடாது என மத்திய அரசு விதி செய்திருந்தது. 2007ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் இச்சலுகையை 40,000 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள சிறிய விமானங்கள் அனைத்துக்கும் நீட்டியது. 80 இருக்கைகளுக்குக் குறைந்த விமானத்துக்கு இறங்கு கட்டணமும் கிடையாது. ஒரு வரிக் கோடும் ஓர் இருக்கைக் கோடும் சேர்ந்து, எந்த விமானம் வாங்குவது என்பதைப் பொறியாளருக்கு முன்பே தீர்மானித்துவிட்டன!

இந்த இரு கோடுகளுக்குள்ளும் அடங்கியது எம்பிரேயர்-170 என்ற பிரேசில் நாட்டுச் சிறு ஜெட். 2005 அக்டோபரில் சென்னையில் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் இவ்வகையையே ஓட்டியது. நல்ல கணக்குத்தான். ஆனால் குத்தகை வழக்குகளில் சிக்கி 2010இல் அது நின்றபோது, அந்த வகையை ஓட்டும் வேறு பயணி விமான நிறுவனம் இந்தியாவில் இல்லை. கையில் தகுதிச் சான்று இருந்தும் உள்நாட்டில் அதற்கு மதிப்பில்லாமல் போனது. வேறு விமானத்துக்கு மாற வேண்டுமானால் மறுபடி பயிற்சி, மறுபடி பணம். உரிமையாளரின் கடனுக்கும் ஒரு துணை விமானியின் கைத்திறனுக்கும் என்ன தொடர்பு? ஆயினும் விலை கொடுத்தவர் அவர்தான்.

2008 ஜூலையில் கல்லெண்ணெய் 147 டாலரைத் தொட்டது. அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்வரை விமானி கிடைக்காமல் வெளிநாட்டாரை அழைத்துக்கொண்டிருந்த நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தின. அந்தச் செழிப்பைப் பார்த்துப் பயிற்சிக்குப் போனவர்கள் உரிமத்தோடு திரும்பியபோது கதவு மூடியிருந்தது. பயிற்சிக்கு இரண்டு ஆண்டு ஆகும். எண்ணெய் விலை தலைகீழாக ஆறு மாதம் போதும். அவ்வாண்டின் இறுதியிலேயே விலை 40 டாலருக்குக் கீழே விழுந்தது. ஆனால் விலையோடு கூடவே வேலை திரும்பிவிடவில்லை.

சேலத்துக்கு 2009 நவம்பரில் கிங்ஃபிஷரின் ஏ.டி.ஆர் வந்தது, 2011இல் நின்றது. 2012 அக்டோபரில் அந்நிறுவனத்தின் எல்லா விமானங்களும் தரையில் நின்றபோது, விமானிகள் பல மாதச் சம்பளத்தைப் பார்க்காமல் இருந்தார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் ட்ரூஜெட் ஏ.டி.ஆருடன் வந்தது. அதுவும் 2021இல் நின்றது. அடுத்த ஆண்டு நிறுவனமே ஓய்ந்தது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ இரண்டும் வந்தன. இரண்டும் ஏ.டி.ஆர் விமானங்களே. இண்டிகோ அதில் 78 இருக்கை வைத்திருக்கிறது. ஏன் 80 இல்லை என்பதை இப்போது நீங்களே சொல்வீர்கள்.

காமலாபுரத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர். சித்திரை வெயிலில் 40 டிகிரி வெப்பம் ஏறும்போது, 15 டிகிரியில் இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி 8 விழுக்காடு குறைகிறது. இறக்கைக்குத் தூக்குவிசை குறையும். எழும்ப இன்னும் நீண்ட ஓட்டம் வேண்டும். பெரிய ஜெட்டுக்கு இப்பாதை போதாது. ஆகவே இன்றைய நிலையில் சேலத்துக்கு விமானி என்றால் விசிறி விமானத்து விமானிதான்.

எத்தனை பேருக்கு வேலை? ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்பது விதி. நாளுக்கு 10 மணி ஓடும் ஒரு விமானம் ஆண்டில் 3,650 மணி பறக்கும். விடுப்பு, பயிற்சி, உடல்நலக் குறைவு எல்லாம் கழித்து ஒருவர் 800 மணி பறப்பதாகக் கொண்டால், ஒரு விமானத்துக்கு ஐந்து ஜோடி விமானிகள் தேவைப்படும். சென்னையிலிருந்து வந்து திரும்பும் ஒரு வேளைச் சேவைக்கு நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மணி. ஆண்டுக்கு 730 மணி. அதாவது நாம் அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு விமானம் ஒரு தலைமை விமானிக்கும் ஒரு துணை விமானிக்கும் ஓராண்டு வேலை தருகிறது. அதற்கும் குறைவு என்றே சொல்லலாம்.