புரோகிதர் இல்லாத மணப்பந்தல்

ஒழுக்கத்துக்கும் சமூக வாழ்வுக்கும் சமயம் இன்றியமையாததா? அறிஞர் பலர் வாதாடிய இவ்வினாவைத் தமிழ்நாடு தன் மணப்பந்தலிலேயே வைத்துச் சோதித்தது. 1928-ல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில், புரோகிதரும் மந்திரமும் இன்றி நடந்த மணமே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பர்.

சட்டம் எளிதில் இசையவில்லை. சாத்திர முறைக்கோ நெடுநாள் வழக்கத்துக்கோ உட்படாத அத்தகைய மணம் செல்லாதென 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒத்த மனத்தினராய் வாழ்ந்து மக்களைப் பெற்று வளர்த்தோர் பலருடைய இல்லறம் ஐயத்துக்குரியதாயிற்று. மக்களின் சொத்துரிமையும் உடன் ஆட்டங்கண்டது.

அண்ணாதுரை அமைச்சரவை 1967-ல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி, முன்னர் நடந்த மணங்களுக்கும் ஏற்பளித்தது. உற்றார் அல்லது நண்பர் முன்னிலையில், இருவருக்கும் விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறி, மாலையோ மோதிரமோ அணிவித்தல் அல்லது தாலி கட்டுதல் போதும். 'விளங்கும் மொழி' என்ற நிபந்தனையே, மொழிபெயர்ப்பாளனாகிய என்னை மிகவும் கவர்ந்தது. அக்கினி சாட்சி நின்ற இடத்தில் சுற்றம் நிற்கிறது. சாட்சியே வேண்டாவென்று சட்டம் கூறவில்லை. மணமக்கள் இருவரும் இந்துக்களாயிருத்தல் வேண்டுமென்பதுதான் வேடிக்கை!

அத்திருத்தம் கர்நாடகத்துக்குப் பொருந்தாது. பெங்களூர் அல்சூரில் மண்டபம் அமர்த்தி மாலை மாற்றிக்கொள்ளும் தமிழ் மணமக்கள், சமயச் சடங்கு வேண்டாவெனின், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தையே நாட வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு, பதிவு அலுவலர், 3 சாட்சிகள். அங்கும் சாட்சிகளின்றி மணமில்லை.