இரண்டு குமார்கள், நடுவில் 13 வருஷம்

செல்வராகவனின் மோசமான படம் எது என்று கேட்டால் நிறைய பேர் யோசிக்காமல் 'இரண்டாம் உலகம்' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2013இல் வந்த அந்தப் படம், தமிழில் யாரும் போகாத ஒரு இடத்துக்குப் போகப் பார்த்து வழியில் விழுந்த படம். ஜார்ஜியாவில் போய் வேற்றுக் கிரகத்தை எடுப்பது என்பதெல்லாம் ஒரு கிறுக்குத்தனம்தான். ஆனால் அந்தக் கிறுக்குத்தனம் இல்லையென்றால் 'ஆயிரத்தில் ஒருவ'னும் இல்லை. தெரியாத ஊரில் வழி தவறுவது வேறு, பிறந்த தெருவில் வழி தவறுவது வேறு. அந்த இரண்டாவது விஷயம் நடந்தது 2019இல், 'என்.ஜி.கே.'யில்.

ஏன் பிறந்த தெரு என்கிறேன் என்றால், அதே கதையை அவர் ஏற்கெனவே எடுத்திருந்தார். 2006இல் வந்த 'புதுப்பேட்டை'. ஒன்றுமில்லாத ஒருத்தன் கட்சி அரசியலுக்குள் நுழைந்து மேலே போகிறான். இரண்டு பேர் பேரும் குமார்தான்: ஒருத்தன் கொக்கி குமார், இன்னொருத்தன் நந்த கோபாலன் குமரன். இசை இரண்டுக்கும் யுவன். பாலாசிங்கூட இரண்டிலும் இருக்கிறார். பிறகு என்னதான் ஆச்சு?

'புதுப்பேட்டை' வெளியான தேதி 2006 மே 26. தமிழ்நாட்டில் ஆட்சி மாறி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் படத்தில் தேர்தல் அலை, கொள்கை, கூட்டணி எதுவும் பெரிதாக இல்லை. அது கட்சியைக் கீழேயிருந்து பார்க்கிறது, அதாவது கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவன், எதிராளியை மிரட்டுகிறவன், அடி வாங்குகிறவன் நிற்கிற இடத்திலிருந்து. அழகம்பெருமாள் நடித்த தமிழ்ச்செல்வன் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். சிரித்துக்கொண்டே, பாசமாகவே பேசும் கட்சிக்காரர். குமார் தன் தலைவன் அன்புவைக் கொல்கிறான். அதற்குப் பிறகு அன்பு உட்கார்ந்திருந்த இடம் அவனுக்கே வந்துசேர்கிறது. கட்சிக்கு அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்பது பிரச்சினையில்லை, வேலை நடக்கணும், அவ்வளவுதான். தமிழ் சினிமாவில் ரவுடிக்கும் கட்சிக்கும் உள்ள தொடர்பைப் பல படங்கள் பேசியிருக்கின்றன. பெரும்பாலும் அதைக் கெட்டவர்களின் சதியாகத்தான் காட்டினார்கள். இந்தப் படம் அதை ஒரு வேலைவாய்ப்பாகக் காட்டியது. பயமுறுத்துவது அதுதான்.

குமார் முதல்முறை எதிரிக் கும்பலிடம் மாட்டி அடி வாங்கும் காட்சியிலும் அவன் வீரனாகத் தெரியமாட்டான். அழுகிறான், கெஞ்சுகிறான், சாகப் போகிறோம் என்கிற பயத்தில் திருப்பி அடிக்கிறான். அந்தப் பயம் கடைசிவரை அவனை விடுவதில்லை. நண்பனின் தங்கை கல்யாணத்துக்குப் போய், ஆசீர்வாதம் பண்ண வேண்டிய தாலியை வாங்கித் தானே அந்தப் பெண்ணுக்குக் கட்டுகிறான். அந்த இடத்தில் படம் அவனுக்கு எந்தச் சலுகையும் தருவதில்லை. அதிகாரம் என்றால் அந்த மண்டபத்தில் யாரும் வாய் திறக்க முடியாத அந்தச் சில நிமிஷங்கள்தான். இன்றைக்கு கொக்கி குமாரை மீம் போட்டுக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் காட்சியை எப்படிக் கடந்துபோகிறார்கள் என்பது எனக்கு எப்பவும் ஆச்சரியம்.

இன்னொரு காரணம் மொழி. 'புதுப்பேட்டை'க்கு வசனம் பாலகுமாரன். 'நாயகன்', 'பாட்ஷா' இரண்டுக்கும் எழுதியவர். ஆனால் அந்தப் படங்களின் தோரணை இங்கே இல்லை. பேச்சு முழுக்கத் தெருவில் கிடக்கிறது. ஒருத்தன் அடுத்தவனிடம் பேசும்போது அவனுடைய தகுதி, பயம், தேவை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தெரியும்.

'என்.ஜி.கே.' வந்தது 2019 மே 31, மக்களவைத் தேர்தல் முடிவு வந்து எட்டாவது நாள். இடைப்பட்ட காலத்தில் தமிழக அரசியல் தலைகீழாக மாறியிருந்தது. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவும் 2018 ஆகஸ்டில் கருணாநிதியும் போய்விட்டார்கள். நடுவில் 2017 ஜனவரியில் மெரினா. அந்த வருஷக் கடைசி நாளில் ரஜினி அரசியலுக்கு வருகிறேன் என்றார். 2018 பிப்ரவரியில் கமல் கட்சியே தொடங்கினார். படித்த இளைஞன் அரசியலுக்கு வரணும் என்ற பேச்சு எல்லார் வாயிலும் இருந்த நேரம். செல்வராகவனின் குமரனும் அந்தப் பேச்சிலிருந்து பிறந்தவன்தான். எம்.டெக். படித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இயற்கை விவசாயம் பார்க்கிறான்.

பிரச்சினை இங்கேயே தொடங்குகிறது. கொக்கி குமாருக்குச் சோறு தேவைப்பட்டது, உயிர் தேவைப்பட்டது. குமரனுக்கு என்ன வேணும்? படத்துக்கே அது தெரியவில்லை. அவன் நல்லவனா, ஆரம்பத்திலிருந்தே அதிகாரத்துக்கு அலைகிறவனா என்பதை வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள், கவனித்தால் புரியும் என்று ரசிகர்கள் ட்விட்டரில் திரி திரியாக எழுதினார்கள். சிலது உண்மையிலேயே சுவாரசியமான வாசிப்புகள். ஆனால் மறைத்துவைப்பதற்கும் முடிவு செய்யாமல் விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. குமரன் கூட்டத்தில் பேசும்போது படம் அவனைச் சந்தேகிக்கவில்லை. சூர்யா என்ற நட்சத்திரத்துக்காகக் கை தட்டச் சொல்கிறது. அடுத்த காட்சியில் சந்தேகப்படு என்றால் எப்படி?

ரகுல் ப்ரீத் சிங் செய்த வானதி பாத்திரம் இன்னும் பெரிய நஷ்டம். கட்சிகளுக்கு வியூகம் வகுத்துத் தரும் கார்ப்பரேட் பெண். தேர்தல் வியூக நிறுவனங்கள் தமிழ்நாட்டில் பெரிய பேச்சாகும் முன்பே அந்த ஆளை யோசித்திருக்கிறார் செல்வா. 2006இல் ஆள் சேர்க்கும் ரவுடி இருந்த இடத்தில் 2019இல் தரவு சேர்க்கும் நிறுவனம். அடடா, எப்பேர்ப்பட்ட தொடர்ச்சி! ஆனால் அவள் என்ன வேலை செய்கிறாள், எப்படிச் செய்கிறாள் என்று ஒரு காட்சியாவது உருப்படியாக இருக்கிறதா? அவளையும் சாய் பல்லவியின் கீதாவையும் ஒரு சட்டையின் வாசனைத் திரவியத்துக்காக மோதவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. மேலேயிருக்கும் அரசியல் செல்வாவுக்குக் கண்ணில் படவில்லை, காதில்தான் விழுந்திருக்கிறது என்று தோன்றுகிறது. முதலமைச்சரும் எதிர்க்கட்சியும் நாம் ஏற்கெனவே பத்துப் படங்களில் பார்த்த அதே அறைகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

ஒரே ஒரு இடம் விதிவிலக்கு. கட்சியில் சேர்ந்த புதுசில் இளவரசு நடித்த எம்.எல்.ஏ.வின் வீட்டில் குமரன் கழிவறையைக் கழுவுகிறான். எம்.டெக். படித்தவன். எதிர்ப்பே இல்லாமல், அதுவும் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு கழுவுகிறான். பணிவா, கணக்கா என்று நமக்கும் தெரியாது, எம்.எல்.ஏ.வுக்கும் தெரியாது. இங்கே மட்டும் அந்தத் தெரியாமை நிஜமாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் கேமரா மறுபடியும் கீழே வந்து, தரையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டின் வேலைக்காரர்கள், வாசலில் காத்திருப்பவர்கள், எம்.எல்.ஏ.வின் சின்னச் சின்ன அல்பத்தனங்கள், இவற்றோடு இன்னும் ஒரு மணி நேரம் படம் அங்கேயே இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். கொஞ்ச நேரத்திலேயே குமரன் கையைக் கழுவிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிவிடுகிறான்.