குழந்தைகளின் ஊசிவலித் தணிப்பு

தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தையல் போன்றவற்றின்போது சிறு குழந்தைகளுக்கு உண்டாகும் வலியையும் பயத்தையும் குறைக்கும் முறைகள். திண்டுக்கல்லை அடுத்த அகரம் போன்ற ஊர்களில் இது பெரும்பாலும் புதன்கிழமை சமாச்சாரம். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அன்றுதான் தடுப்பூசி நாள்.

ஒன்றரை மாதக் குழந்தைக்கு ஒரே நாளில் மூன்று குத்து: வலது கையில் போலியோ, வலது தொடையில் நிமோனியா, இடது தொடையில் பென்டாவேலன்ட். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்திராவிட்டால் குத்து இன்னும் கூடியிருக்கும்.

பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். போதிய மயக்க மருந்தில்லாமல் அறுவை சிகிச்சைகூட நடந்தது. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த கே. ஜே. எஸ். ஆனந்த் 1987இல் வெளியிட்ட முடிவுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. வலிநீக்கி பெற்ற குறைமாதக் குழந்தைகள் அறுவைக்குப் பின் நன்றாகத் தேறினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வழிகளில் பலவற்றுக்குக் காசே வேண்டாம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் முதன்மையானது. வாயில் வைத்ததும் குத்தக் கூடாது. பிள்ளை நன்றாகப் பற்றி உறிஞ்சத் தொடங்கியபின் ஊசி போட்டு, பிறகும் பாலூட்ட வேண்டும். பார்க்க மனசு கேட்காமல் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கும் தாய்மார் உண்டு; கைவசமிருந்த மருந்தும் அவர்களோடு வெளியே போய்விடுகிறது. பல ஊசிகள் இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுவார்கள். மருந்தைச் செலுத்துமுன் பிஸ்டனைப் பின்னிழுத்துப் பார்க்கும் பழைய வழக்கமும் தேவையில்லை. ஊசி உள்ளே இருக்கும் நேரம்தான் அதனால் நீளும்.

நடக்கும் பிள்ளைகளுக்கு மடியும் வேடிக்கையும். காதுகுத்தில் தாய்மாமன் மடி, வாயில் இனிப்பு, சுற்றிலும் கூட்டம் என இவை தாமாகவே அமைகின்றன; ஆனாலும் பந்தி முடியும்வரை அழும் பிள்ளைகள் உண்டு. "வலிக்கவே வலிக்காது" என்ற பொய் அடுத்த முறை பலிக்காது. "சாப்பிடலேன்னா ஊசி போட்டுருவாங்க" என்ற மிரட்டல் அதைவிடக் கேடு. பயத்தை வீட்டிலேயே ஊட்டி அனுப்புகிறோம்.

லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரப்புக் களிம்பு வேலை செய்ய ஒரு மணி நேரமாகும். புதன்கிழமை வரிசைக்கு அது ஒத்துவராது. ஊசிக்கு முன்பே பாராசிட்டமால் கொடுப்பது குத்தும் வலியைக் குறைக்காது. பின்னால் காய்ச்சல் வந்தால் நர்ஸ் சொல்லும் அளவில் கொடுக்கலாம்.