சுவரும் சித்திரமும்

அமெரிக்கக் காற்பந்தின் சாதனைப் பட்டியலில் யாரும் சொந்தம் கொண்டாட விரும்பாத ஓர் எண் இருக்கிறது: 76. 2002ஆம் ஆண்டு ஹியூஸ்டன் டெக்சன்ஸ் அணியின் டேவிட் கார், 16 ஆட்டங்களில் 76 முறை, பந்தை எறிவதற்கு முன்பே எதிரணியினரால் தரையில் சாய்க்கப்பட்டார். ஒரே பருவத்தில் இத்தனை முறை விழுந்தவர் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அப்போது அவருக்கு 23 வயது. அந்த ஆண்டு கல்லூரிகளிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த அத்தனை பேரிலும் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்தான்.

எல்லாரையும்விடச் சிறந்தவன் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவன் எல்லாரையும்விட அதிகமாக அடிவாங்கினான். ஏன்?

நமக்குக் காற்பந்து என்றால் காலால் ஆடுவது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடும் இந்த ஆட்டத்தை, பல்கலைக்கழக விடுதியில் திங்கட்கிழமை விடியற்காலைகளில் அறைத்தோழனோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். விதிகள் புரியவே ஒரு வருடம் ஆனது. அதன்பிறகு ஆட்டத்தைவிட என்னைப் பிடித்துக்கொண்டது 'டிராஃப்ட்' எனப்படும் வருடாந்திரத் தேர்வு. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிதான் இதில் முதலில் தேர்ந்தெடுக்கும். வெற்றியாளருக்குக் கடைசி இடம். பணம்தான் எல்லாம் என்று நாம் நினைக்கும் ஒரு நாட்டின் விளையாட்டில் இப்படியொரு சமத்துவமா என்று முதலில் வியந்தேன்.

இந்த யோசனையை 1935இல் முன்வைத்தவர் பெர்ட் பெல். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர். அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் பணக்கார அணிகளுக்கே போனார்கள். சங்கிலி எவ்வளவு பலமோ அது அதன் பலவீனமான கண்ணியின் பலம்தான் என்று மற்ற உரிமையாளர்களுக்கு அவர் புரியவைத்தார். 1936 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் 9 அணிகள் கூடி, 9 சுற்றுகளில் 81 பேரைத் தேர்ந்தெடுத்தன. முதல் பெயர் ஜே பெர்வாங்கர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம். அவரோ தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நாள்கூட ஆடவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார்.

வரலாற்றின் முதல் தேர்வே கைக்கு வராமல் போனது வேடிக்கைதான். ஆனால் அதில் ஒரு செய்தியும் இருக்கிறது. அணிகளின் பக்கத்திலிருந்து பார்த்தால் டிராஃப்ட் சமத்துவம். தேர்ந்தெடுக்கப்படும் பையனின் பக்கத்திலிருந்து பார்த்தால், நீ மிகச் சிறந்தவன் என்பதற்காகவே மிக மோசமான அணிக்கு அனுப்பப்படுகிறாய். எங்கே போவது என்று உன்னை யாரும் கேட்கப்போவதில்லை.

டேவிட் காருக்கு நடந்தது அதுதான். 2002இல்தான் டெக்சன்ஸ் அணியே பிறந்தது. புதிய அணிக்கு ஒரு முகம் வேண்டும். இந்த ஆட்டத்தில் முகம் என்றால் குவார்ட்டர்பேக். தாக்குதலை நடத்துபவர், பந்தை எறிபவர். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் போல நிற்பார்கள். அவர்களுக்கு ஒஃபென்சிவ் லைன் என்று பெயர். பெரும்பாலும் 130 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள். அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். கேமரா அவர்கள் பக்கம் திரும்புவதும் அபூர்வம். ஆனால் அவர்கள் தாங்கித் தருகிற இரண்டு மூன்று வினாடிகளில்தான் குவார்ட்டர்பேக் யோசித்து, பார்த்து, எறிய முடியும்.

சுவர் வேண்டும் என்பது ஹியூஸ்டனுக்குத் தெரியாமல் இல்லை. மற்ற அணிகளிலிருந்து ஆட்களை எடுக்கப் புதிய அணிக்குக் கிடைத்த வாய்ப்பில், அவர்கள் முதலில் எடுத்தது ஜாக்சன்வில்லின் டோனி போசெல்லியை. அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த 'டேக்கிள்'களில் ஒருவர். ஆனால் தோள் காயத்தால் அவர் ஹியூஸ்டனுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மூலைக்கல் சரிந்த பிறகும் வீட்டுக்குக் குடிபோனார் கார்.

கார் பந்தை அதிக நேரம் கையில் வைத்திருந்தார் என்ற விமர்சனம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் 2004இல் 49 முறை, 2005இல் 68 முறை என்று அது தொடர்ந்தபோது, பழியை ஒருவர் தோளில் மட்டும் போட முடியுமா? அந்த 2005 பருவத்தில் டெக்சன்ஸ் 16 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்றது. மீண்டும் கடைசி இடம். மீண்டும் முதல் தேர்வு.

2006இல் ஹியூஸ்டன் முழுக்க ஒரே கேள்வி. யாரை எடுப்பது? ரெஜி புஷ்ஷா, வின்ஸ் யங்கா? புஷ் ஒரு ரன்னிங் பேக். பந்தோடு அவர் ஓடுவதைப் பார்க்கவே கூட்டம் கூடும். யங் ஹியூஸ்டனிலேயே பிறந்து வளர்ந்த குவார்ட்டர்பேக். அந்த ஜனவரியில்தான் டெக்சஸ் பல்கலைக்கழக அணிக்காக 41-38 என்று தேசியப் பட்டத்தை வென்று கொடுத்திருந்தார், அதுவும் புஷ்ஷின் அணிக்கு எதிராக. சொந்த ஊர்ப் பையன்! வேறென்ன வேண்டும்?

டெக்சன்ஸ் இருவரையும் எடுக்கவில்லை. தேர்வுக்கு முந்தைய நாள் மாலையே மாரியோ வில்லியம்ஸ் என்ற டிஃபென்சிவ் எண்டோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்திச் சாய்ப்பவர் அவர். அதே பிரிவில் இந்தியானாபோலிசின் பெய்ட்டன் மேனிங் வருடத்துக்கு இரண்டு முறை அவர்களைப் பிழிந்தெடுத்துக்கொண்டிருந்தார். அவரைத் தடுக்க ஆள் வேண்டும் என்பது கணக்கு. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள்.

அந்த டிசம்பரில், டென்னசி அணிக்குப் போய்விட்ட வின்ஸ் யங் ஹியூஸ்டன் மைதானத்துக்கே வந்து, கூடுதல் நேரத்தில் 39 கெஜம் ஓடி வெற்றிப் புள்ளியைப் போட்டார். வில்லியம்ஸ் அந்த முதல் பருவத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளைச் சாய்த்தது நாலரை முறைதான் (இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை). கேலிக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் அடுத்த பருவத்தில் அது 14. அதற்கடுத்து 12. யங்கின் டென்னசி வாழ்க்கை 2010உடன் முடிந்தது. நிர்வாகம்தான் சரி, ரசிகர்கள் தவறு என்று பின்னாளில் பலர் எழுதினார்கள்.

நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நம்பினேன். பிறகு என் வேலையிடத்தில் ஒன்று நடந்தது. ஒரு பம்பின் பேரிங் ஆறு மாதத்தில் மூன்று முறை போனது. ஒவ்வொரு முறையும் முன்பைவிட விலை கூடியதாக வாங்கிப் போட்டோம். கடைசியில் ஒரு மூத்த டெக்னீஷியன் அண்ணன் வந்து, மோட்டாரும் பம்பும் நேர்கோட்டிலேயே இல்லை என்று காட்டினார். "தம்பி, பேரிங் மேல தப்பு இல்ல. அது பாவம், அடி வாங்குது, அவ்ளோதான்" என்றார். எனக்கு உடனே டேவிட் கார் ஞாபகம் வந்தார்.

வீட்டுக்கு வந்து டெக்சன்ஸின் முதல் சுற்றுத் தேர்வுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 2002 முதல் 2007 வரை குவார்ட்டர்பேக், பந்தைப் பிடிப்பவர், தடுப்பாட்டக்காரர்கள். முன்வரிசைச் சுவருக்கு ஒருவர்கூட இல்லை. சுவருக்கானவர்களைப் பிந்தைய சுற்றுகளில்தான் எடுத்தார்கள். 2008இல்தான் 26ஆவது தேர்வாக டுவேன் பிரவுன் என்ற டேக்கிள் வந்தார். அணி முதன்முறையாக பிளேஆஃப் சுற்றுக்குப் போனது 2011 பருவத்தில். அப்போது வில்லியம்ஸ் காயத்தோடு வெளியே இருந்தார். காரை 2007இலேயே அனுப்பியிருந்தார்கள்.

அதே 2006இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியும் தவித்துக்கொண்டிருந்தது. முந்தைய பருவத்தில் 4 வெற்றி, 12 தோல்வி. அவர்களுக்கு முதல் சுற்றில் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. 4ஆவதாக டிபிரிக்கஷா ஃபெர்குசன், 29ஆவதாக நிக் மேங்கோல்ட். இருவருமே ஒஃபென்சிவ் லைன்காரர்கள். அந்தப் பருவத்திலேயே 10 வெற்றி. அடுத்த ஆண்டு மீண்டும் 4 வெற்றிக்குச் சரிந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சுவர் மட்டும் வீடாகிவிடாது. ஆனால் 2009, 2010 பருவங்களில் அடுத்தடுத்து இறுதியாட்டத்துக்கு ஒரு படி முன்புவரை போனபோது, இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள். ஃபெர்குசன் பத்து ஆண்டுகளில் 160 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

எந்த இடத்துக்கு ஆள் எடுப்பது என்று ஒரு பலவீனமான அணி கேட்கும்போது, அது உண்மையில் தன் நோய் எது என்று கேட்கிறது. ஹியூஸ்டன் ரசிகர்கள் தங்கள் ஏக்கத்தைச் சொன்னார்கள். நிர்வாகம் தன் எதிரியைச் சொன்னது. 68 முறை விழுந்தவனை அந்தப் பதிலில் எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சித்திரத்தைப் பார்க்க எல்லாரும் வருவார்கள். சுவர் கட்டுகிறவனுக்காக யாரும் கைதட்டுவதில்லை. அதனால்தான் தேர்ந்தெடுப்பவர்களுக்கு அது கடைசியில் ஞாபகம் வருகிறதோ என்னவோ.

2024இல் சிகாகோ பேர்ஸ் அணி முதல் தேர்வாகக் கேலப் வில்லியம்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. முதல் பருவத்தில் அவர் 68 முறை சாய்க்கப்பட்டார். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அடுத்த ஆண்டு, பருவம் தொடங்கும் முன்பே, அவருக்கு முன்னால் நின்ற நடுவரிசை மூவரையும் அணி மாற்றியது. அவருக்கு 76 வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.