கட்டைவிரல் துடிப்பும் மனச்சோர்வு மாத்திரையும்

மண்டையைத் திறக்காம மூளை எவ்வளவு சூடா இருக்குன்னு பார்க்க முடியுமா? "சூடு"ன்னு நான் சொல்வது கிளர்வுத்தன்மையை. எவ்வளவு லேசான தூண்டுதலுக்கு அது பதில் சொல்லுதுங்கிறதை.

1980-ல் மெர்ட்டனும் மார்ட்டனும் தலைத்தோல் வழியாக மின்சாரம் செலுத்தி ஆளின் கையைத் துடிக்க வைத்தார்கள். ஆனால் வலி. 1985-ல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் சகாக்களும் தலைமேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து அதையே காந்தத்தால் செய்தார்கள். வலி கிட்டத்தட்ட இல்லை. பத்து தடவையில் ஐந்து தடவையாவது 50 மைக்ரோவோல்ட் துடிப்பு தரும் குறைந்தபட்ச வலிமைதான் "வாசல்".

1993-ல் குஜிராய் குழு இரட்டைத் துடிப்பு முறையைக் கொண்டுவந்தது. முதலில் ஒரு மெல்லிய தட்டு, சில மில்லிசெகண்ட் கழித்து பலமான ஒன்று. இடைவெளி மிகக் குறைவென்றால் பதில் சுருங்கும். 10, 15 மில்லிசெகண்ட் என்றால் பெருகும். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் தனித்தனியாகத் தெரிந்த மாதிரி.

வலிப்பு மருந்துகளில் கணக்கு அழகாக வந்தது. சோடியம் வாயிலை அடைக்கும் கார்பமாசெபின் வாசலை உயர்த்தும். லோராசெபாம் பிரேக்கை இறுக்கும். மனச்சோர்வு மருந்துகளில்தான் குழப்பம். 2001-ல் ஓர் இத்தாலியக் குழு குளோமிப்ரமினை ரத்தநாளத்தில் செலுத்திப் பார்த்தபோது மூளை அடங்கியது. அதிக அளவில் வலிப்பு வரவைக்கும் மருந்துன்னு பெயர் வாங்கினது இது! மறுவருடம் செர்ட்ராலின்: ஒரே டோஸில் துடிப்பின் அளவு வேகமாக ஏறியது, இரட்டைத் துடிப்பின் பெருக்கமோ குறைந்தது. ஒரே மாத்திரை இரண்டு திசையில் இழுக்குது.

எனக்கு ஒரு சந்தேகம். மாத்திரை மனசுக்கு வேலை செய்ய வாரக்கணக்காகும். இங்கே ஒரே டோஸ், சில மணி நேரம். அதோட, அளப்பது கைக்கான பகுதியை. மனசு அங்கயா இருக்கு? 2009-ல் கோட்டிங்கனில் நிட்ஷே குழு செய்தது அதனால்தான் எனக்குப் பிடிக்கும். தலைக்கு மெல்லிய மின்னோட்டம் கொடுத்து, காந்தத்தால் அளந்தார்கள். 20 மில்லிகிராம் சிட்டலோபிராம், கிளர்வூட்டும் மின்னோட்டத்தின் விளைவை அதிகமாக்கி நீட்டித்தது. அடக்கும் மின்னோட்டத்தையே கிளர்வூட்டுவதாகத் திருப்பிவிட்டது. மருந்து கிளர்ச்சியைவிட, மூளை மாறும் திறனைத் தொடுதுன்னுதான் நான் படிக்கிறேன்.

இது வெறும் ஆய்வுக்கூட விஷயமில்லை. அமெரிக்காவில் 2008-ல் மனச்சோர்வுக்கே இந்தக் காந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அதன் வலிமையைக் கைவாசலை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள், பெரும்பாலும் அதில் 120 சதவீதம். நடுவில் மாத்திரை மாறினால் வாசலும் நகரலாம். அப்போ பழைய எண் ஒன்று போதாமல் போகும், அல்லது வலிப்பு வரை கொண்டுபோகும். அதனால்தான், "மாத்திரை ஏதாவது மாத்தினீங்களா?"ன்னு கேட்டுவிட்டு, கட்டைவிரலை மறுபடி அளக்கிறார்கள்.