மேடையிலேயே நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

2019 ஜனவரியில், சிட்னி விழாவின்போது, சிட்னி நகர மண்டபம் சில வாரங்களுக்கு இலங்கையின் ஒரு நகர மண்டபமாக மாறியிருந்தது. எஸ். சக்திதரன் எழுதி, ஈமன் பிளாக் நெறிப்படுத்திய ‘கவுண்டிங் அன்ட் கிராக்கிங்’ நாடகம் அங்கேதான் முதலில் மேடையேறியது. 16 நடிகர்கள், இரண்டு இடைவேளைகள், மூன்றரை மணி நேரம் அளவில். பெல்வோர் நாடக நிறுவனமும் கோ-கியூரியஸும் சேர்ந்து தயாரித்தன. 2020இல் விக்டோரிய இலக்கியப் பரிசு இதற்குக் கிடைத்தது. 2022இல் எடின்பரோவுக்கும் பேர்மிங்காமுக்கும், 2024இல் மெல்பேர்ணுக்கும் நியூயோர்க்குக்கும் போனது.

கதை எங்களுக்குத் தெரிந்த கதைதான். 2004இல் சிட்னியில் வாழும் ராதாவும் மகன் சித்தார்த்தனும் ஒரு பக்கம். 1957 முதல் 1983 வரையான கொழும்பு மறுபக்கம். இறந்துவிட்டார் என்று ராதா நம்பியிருந்த கணவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி தொலைபேசியில் வருகிறது. சக்திதரனின் கொள்ளுத்தாத்தாவான சி. சுந்தரலிங்கத்தின் சாயலும் நாடகத்தில் உண்டு. கணிதப் பேராசிரியராக இருந்து அமைச்சரானவர் அவர்.

நாடக மொழிபெயர்ப்பு எமக்குப் புதிதல்ல. பம்மல் சம்பந்த முதலியார் ஹம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார், வெனிஸ் வணிகனை ‘வாணிபுர வணிகன்’ ஆக்கினார். க. பாலேந்திராவின் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் டென்னஸி வில்லியம்ஸைக் ‘கண்ணாடி வார்ப்புகள்’ என்றும், பிரெக்டை ‘யுகதர்மம்’ என்றும் ஈழத்து மேடைக்குக் கொண்டுவந்தது. அவையெல்லாம் வெளியிலிருந்து தமிழுக்கு வந்தவை. இங்கே பயணம் எதிர்த்திசையில். தமிழ் தெரியாதவர்கள் நிறைந்த அவையில், தமிழர் தமிழில்தானே பேசவேண்டும்? அதை எப்படிப் புரியவைப்பது?

வழக்கமான வழி, மேடைக்கு மேலே எழுத்து ஓடவிடுவது. அப்போது பார்ப்பவரின் கண் நடிகரின் முகத்தை விட்டுப் போய்விடும். நகைச்சுவை வரியை அவை முன்கூட்டியே வாசித்துச் சிரித்துவிடும், நடிகர் வெறும் காற்றுக்குப் பேசவேண்டியதுதான். இந்த நாடகத்தில் ஒரு பாத்திரம் தமிழிலோ சிங்களத்திலோ பேச, பக்கத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் அதை ஆங்கிலத்தில் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளரை ஒளித்துவைக்கவில்லை.

இது பெரிய கலை உத்தி என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது வீட்டுக் காட்சியாகவே பட்டது. டொக்டரிடமும் சென்டர்லிங்கிலும் எங்கள் பிள்ளைகள் செய்வது அதுதானே. என் அகதி விண்ணப்ப நேர்காணலில் நான் ‘செல் விழுந்தது’ என்றபோது, தமிழ்நாட்டுக்காரரான மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் திகைத்து, கைத்தொலைபேசி கீழே விழுந்ததாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்ததால் திருத்த முடிந்தது. ஒரே மொழிதான், ஆனாலும் ஒரு சொல்லில் ஒரு ஆளின் வழக்கே சாய்ந்துவிடும்.

மேடையிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ மூன்றும் மூன்று தூரங்கள். கணவன் மனைவியை ‘நீர்’ என்பதில் இருக்கும் அன்பும் மரியாதையும் ஆங்கிலத்தின் ஒற்றை ‘யூ’வில் அடங்காது. நடிகரின் குரல்தான் அதை ஈடுசெய்யவேண்டும். அதைவிடக் கடினம் 1983. ஆங்கிலத்தில் பலரும் ‘ரயட்’ என்று எழுதுகிறார்கள், தமிழிலும் ‘கலவரம்’ என்று பழகிவிட்டோம். கலவரம் என்றால் இரண்டு பக்கமும் அடிபட்டதுபோல் கேட்கும். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்ததற்கு அந்தச் சொல் போதாது. நான் கணக்காளன், பட்டியல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எந்தச் சொல்லை எடுப்பது என்பதை மொழிபெயர்ப்பாளர் இலக்கணப் பிரச்சினையாக மட்டும் பார்த்துத் தப்பமுடியாது.

தலைப்பைத் தமிழாக்கவே திணறினேன். ஜனநாயகம் ஒரு எல்லைவரை தலைகளை எண்ணுவது, அதைத் தாண்டினால் தலைகளை உடைப்பது என்பதுதான் அதன் பொருள். ‘எண்ணுதலும் உடைத்தலும்’ என்றால் தேங்காய்க் கடைக் கணக்குப்போல் ஒலிக்கிறது. ‘தலைகள்’ என்று சேர்த்தால் புரிகிறது, ஆனால் ஆங்கிலத் தலைப்பின் ஓசை போய்விடுகிறது.

ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து ரயிலேறி நாங்கள் குடும்பமாகப் போயிருந்தோம். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் ஒரு பகிடி வந்ததும் அவர் சிரித்தார், ஆங்கிலம் வந்தபிறகே மண்டபம் சிரித்தது. இந்த நாட்டில் அவர் மற்றவர்களுக்கு முன்னால் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

திரும்பி வரும்போது ஆங்கிலத்தில் நடந்த பகுதிகளை மகள் மாமிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் காட்சியில் ராதா தன் தாயின் சாம்பலை ஜோர்ஜஸ் ஆற்றில் கரைப்பதைச் சொன்னாள். மாமி இடைமறித்தார்.

“சாம்பல் அடுப்புக்குள்ள கிடக்கிறது பிள்ளை. இது அஸ்தி.”

மகள் அந்தச் சொல்லை இரண்டுமுறை சொல்லிப் பார்த்தாள். பேர்வூட் தாண்டிவிட்டது, நாங்கள் இறங்க எழுந்தோம்.